ஐந்தாம் சில்லு வீட்டில் ஐந்து இரவுகள்



உங்கள் வீட்டை அப்படியே தூக்கிச் சில்லுகளின் மேல் வைத்து, அடுத்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் எதையெல்லாம் எடுத்து வைப்பீர்கள்? குசினிச் சாமான், அரிசி மூட்டை, தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எதை எடுத்து வைப்பது என்பதைவிட எதை இறக்கி வைப்பது என்பதே அங்கே பெரிய கேள்வி என்பதை அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் ஐந்து இரவுகள் கழித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2023 ஜனவரியில் பீனிக்ஸ் நகரத்தில் வசிக்கும் என் தங்கையின் குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். "நானா, எங்கட வீட்டில் இருந்தது போதும், இனி எங்கட மற்ற வீட்டில் வந்து இருங்க" என்றாள் தங்கை. மற்ற வீடு என்றது முற்றத்தில் நின்ற முப்பதடி நீளமான வெள்ளைப் பெட்டியை. அதை இழுத்துக்கொண்டு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்திலுள்ள குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போவதாக ஏற்பாடு. நிரந்தரமாக வாழ்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் மாரி காலத்தில் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனிக்குத் தப்பி வருகின்றவர்களின் சில்லு வீடுகள் அந்தப் பாலைவெளியை நிறைத்துவிடுகின்றன. இவர்களைப் பனிப்பறவைகள் என்று அழைக்கிறார்கள்.

இந்த வகை வீட்டுக்குப் பெயர் பிஃப்த் வீல், அதாவது ஐந்தாம் சில்லு. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுத்துச் செல்லும் பெரிய லொறியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கொள்கலனின் முன்பக்கம் லொறியின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு கனத்த இரும்புத் தட்டு, அதில் ஒரு பிளவு. மேலேயிருந்து இறங்கும் தடித்த முளை அந்தப் பிளவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். இந்த வீட்டுக்கும் அதே ஏற்பாடுதான். நம்மூர் டபுள் கெப் போன்ற, ஆனால் அதைவிட மிகப் பெரிய பிக்கப்பின் பின் தட்டில், பின் அச்சுக்கு நேர் மேலே அந்தக் கொளுவி பொருத்தப்படுகிறது. அந்தக் காலக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். நான்கு சில்லோடு இது ஐந்தாவது என்பதால் வந்த பெயராம்.

வாகனத்தின் வாலில் குண்டு வைத்து இழுக்கும் சாதாரண இழுவை வீடு, பெருங்காற்று அடித்தால் வாலைப் போல ஆடும். ஐந்தாம் சில்லு அவ்வளவு ஆடாது. அதற்கு விலையாக வீட்டின் பாரத்தில் ஒரு பெரிய பங்கு பிக்கப்பின் முதுகில் ஏறிவிடுகிறது. மச்சான் வழுக்கி விழுந்த இடமும் இதுதான்.

2019இல் வீட்டை வாங்கியபோது, "உங்கள் பிக்கப் 15,000 இறாத்தல் இழுக்கும், இந்த வீடு எவ்வளவு ஏற்றினாலும் 12,000 இறாத்தல்தான், தாராளம்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. இழுப்பது ஒன்று, சுமப்பது இன்னொன்று. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். மச்சானின் பழைய பிக்கப்பில் அது 2,300. சாமான் ஏற்றிய வீடு 11,000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 5,000 கிலோ. ஐந்தாம் சில்லு வீடுகளில் மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்கு, சில வேளை நான்கில் ஒரு பங்கு முளையின் மேல் இறங்கும். இவர்களுடையதில் 2,400. கொளுவி 170. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் 500. கூட்டிப் பாருங்கள், 3,070! இழுவைக் கணக்கில் தாராளமாக இருந்த வண்டி, சுமைக் கணக்கில் 770 இறாத்தல் மிஞ்சி நின்றது.

இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? முதல் பயணத்தில் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு வெளிச்சம் வானத்தைப் பார்த்ததாம். தங்கைதான், "இது சரியில்லை, நிறுத்துப் பாருங்க" என்றிருக்கிறாள். நெடுஞ்சாலையோரம் பெரிய லொறிகள் எண்ணெய் அடிக்கும் இடங்களில் நிறுவைத் தட்டு இருக்கிறது. சிறு கட்டணம்தான். வீட்டோடு ஒரு தடவை நிறுத்து, பிறகு வீட்டைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பை மாத்திரம் நிறுத்தால், பிக்கப்பின் அச்சுகளில் வரும் வித்தியாசமே முளையின் பாரம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மாதமே 3,900 இறாத்தல் சுமக்கும் பிக்கப்புக்கு மாறினார்கள். என்னை ஏற்றிய அன்றும் மச்சான் என் நிறையைக் கேட்டார். பகிடி என்று நினைத்தேன். உண்மையாகவே கூட்டிப் பார்த்தார்!

சகோதரிகள் ஒன்றைக் கேட்கலாம். பாரத்தையெல்லாம் வீட்டின் பின்பக்கம் நகர்த்தினால் முளையின் பாரம் குறையாதா? குறையும். ஆனால் அது மொத்த நிறையில் 15 வீதத்துக்குக் கீழே போனால் ஐந்தாம் சில்லும் ஆடத் தொடங்கும். ஆகவே தங்கை வீட்டுக்குள்ளேயே கை வைத்தாள். இரும்புத் தாச்சி, பீங்கான் கோப்பைகள், இருபது கிலோ அரிசி, பாவிக்காத கம்பளங்கள் எல்லாம் வெளியே போயின. ஒரு பானை, ஒரு தாச்சி, ஆளுக்கொரு தட்டு. அந்தக் குசினியில் சமைத்த சோற்றுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்பதற்கு நான் சாட்சி.

புறப்படும் காலையில் வீட்டைக் கொளுவும் வேலையைப் பார்த்தேன். மச்சான் பிக்கப்பைப் பின்னால் எடுக்க, தங்கை ஒரு பழைய கொப்பித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உரத்து வாசித்தாள். அவர் "செய்தேன்" என்று சொல்லிக் காட்டினால்தான் அடுத்த வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹிப்ழு மாணவனிடம் பாடம் கேட்பது போல இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நானா, இந்தத் தாள் எப்படி வந்தது தெரியுமா?" என்று பிறகு சொன்னாள். வாங்கிய வருடமே ஒரு நாள், வீட்டின் முன்பக்கம் சற்று உயரமாக நின்றபோது மச்சான் பிக்கப்பைப் பின்னால் எடுத்திருக்கிறார். முளை தாடைக்குள் முழுதாக இறங்காமல் மேல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. பார்வைக்குப் பூட்டியது போலத்தான் இருந்தது. அவர் முன் கால்களை உயர்த்திவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு அடி நகர்வதற்குள் வீட்டின் முன்பக்கம் அப்படியே பிக்கப்பின் ஓரச் சுவர்களின் மேல் விழுந்து தகரத்தை நசுக்கியது. மின் கேபிளை மாட்டிவிட ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அதே இடத்தில் நின்றவன் மூத்த மகன். இதைச் சொல்லும்போது அவளுடைய குரல் தாழ்ந்துவிட்டது.

இப்போது தாளில் என்ன இருக்கிறது? முளை ஏறும் தட்டைவிட வீட்டின் முன்பக்கம் அரை அங்குலமளவு தாழ்வாக இருக்கவேண்டும். தட்டு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். பூட்டியதும் டோர்ச் அடித்து, தட்டுக்கும் மேலே உள்ள பெட்டிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வெளிச்சம் தெரிந்தால் முளை உயரத்தில் நிற்கிறது என்று பொருள். கைபிடி முற்றாக உள்ளே போய்விட்டதா, அதன் ஊசி மாட்டியாயிற்றா? மின் கேபிள் மாட்டியாயிற்றா? வீடு தப்பித்தவறிக் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பி பிக்கப்பில் மாட்டியாயிற்றா? இவ்வளவும் ஆன பிறகும் முன் கால்களை முழுதாக உயர்த்துவதில்லை. கால்கள் தரையைத் தொட்டபடி இருக்க, வீட்டின் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்க்கவேண்டும. இழுத்தும் கழராவிட்டால்தான் கால்களை உயர்த்தலாம். அன்று கழன்றிருந்தாலும் கால்களின் மேல் நின்றிருக்கும், தகரம் தப்பியிருக்கும். கடைசி வரி: இவ்வளவும் நடக்கும்போது பிள்ளைகள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

டயர் பற்றியும் இரண்டு வார்த்தை. இந்த வீடுகள் வருடத்தில் பெரும்பகுதி வெயிலில் சும்மா நிற்கின்றன. பூ தேயாமல் புதிது போலத் தோன்றும் டயர், உள்ளே உக்கிப்போயிருக்கும். டயரின் பக்கத்தில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. ஐந்தாறு வருடம் கடந்தால் பூவைப் பார்க்காமல் மாற்றிவிடுவதே புத்தி. ஓடும்போது வெடிக்கும் டயர் சும்மா வெடிப்பதில்லை. கிழிந்த றப்பர் சாட்டை போல அடித்து வீட்டின் அடித்தளத்தையும் தண்ணீர்க் குழாயையும் பிய்த்துவிடும். காற்றைக் காலையில், டயர் சூடாகுமுன் அளக்கவேண்டும். காற்றழுத்தம் குறைந்தால் சாரதிக்கு அறிவிக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. வீட்டுக்கென்று வாங்கும் அலங்காரச் சாமான்கள் எல்லாவற்றையும்விட முதலில் வாங்கவேண்டியது இது என்பது என் எண்ணம்.

குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா என்ற அரசாங்கக் காணி இருக்கிறது. செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்கலாம். நாங்கள் போன வருடம் இரண்டு கிழமைக்கு 40 டொலர், பருவம் முழுவதற்கும் 180 டொலர். மின்சாரம் இல்லை, வீட்டு வாசலில் குழாய் இல்லை. சரளைக் கல், முட்செடி, தூரத்தில் ஊதா நிற மலைகள், எல்லையில்லாத வானம். தங்கை ஒரு சிறு மட்டக்குழலைத் தரையில் வைத்துப் பார்த்து, ஒருபக்கச் சில்லின் கீழ் பலகை வைக்கச் சொன்னாள். தேத்தண்ணீர்க் கோப்பை சரியாமல் இருப்பதற்காக மாத்திரமல்ல. கேஸில் ஓடும் பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி, வீடு சரிவாக நின்றால் பழுதாகிவிடும். அதற்குள் சுழலும் திரவம் தன் பாரத்தினால்தான் கீழே இறங்குகிறது. சரிவில் அது தேங்கிக் கெட்டுப்போகும். புதிய வீடுகளில் பற்றரியில் ஓடும் பெட்டி வருகிறது. அதற்குச் சரிவு பொருட்டல்ல. ஆனால் பற்றரியைக் குடிக்கும்.

முதலிரவு ஒரு குறையுமில்லை. இரண்டாம் இரவுதான் பாடம்.

பாலைவனம் என்றால் வெயில்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அன்றிரவு வெளியே 3 பாகை. நடுச்சாமம் தாண்டியிருக்கும், குளிரில் விழித்தேன். ஹீட்டரின் விசிறி ஓடுகிறது, வருவதோ குளிர்காற்று. கூடவே தரைக்கு அருகில் எங்கேயோ "கீச்... கீச்" என்று ஒரு சத்தம். மச்சான் எழுந்து, கேஸ் முடிந்திருக்கும் என்று வெளியே போய்ச் சிலிண்டரை மாற்றினார். மாற்றியும் ஹீட்டர் பற்றவில்லை. மறுபடி வெளியே போகப் புறப்பட்டபோது தங்கை அடுப்பைத் திருகிப் பற்றவைத்தாள். நீலச் சுவாலை.

"இஞ்ச பாருங்க, அடுப்பு எரியுதே! அப்ப கேஸில் பிழை இல்லை."

அந்த ஒரு வார்த்தை அரை மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தியது. விளக்கைப் பார்த்தார்கள், மங்கியிருந்தது. பற்றரியை அளந்தார்கள். முழுதாக நிறைந்த ஈய அமிலப் பற்றரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். 12 என்றாலே பாதி முடிந்துவிட்டது. இது 11ஐயும் தொட்டுத் தொடாமலும் நின்றது. ஹீட்டர் எரிவது கேஸில்தான், ஆனால் காற்றை ஊதும் விசிறி ஓடுவது பற்றரியில். ஊதும் காற்று போதிய வேகத்தில் வந்தால் மாத்திரம் மூடுகின்ற ஒரு சிறு தகட்டுச் சுவிட்ச் உள்ளே இருக்கிறது. அது மூடாவிட்டால் கேஸ் திறக்காது. பாதுகாப்புக்காக வைத்தது. விசிறி களைத்துச் சுற்றியதால் தகடு மூடவில்லை, கேஸ் திறக்கவில்லை, குளிர்காற்றே வந்தது. தரைக்கு அருகில் கீச்சிட்டதும் பற்றரி இளைத்ததால்தான். கேஸ் கசிந்தால் அது விட்டுவிட்டுக் கீச்சிடாமல் ஓயாமல் அலறும். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அந்த எச்சரிக்கைக் கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"அடுப்பை எரிய விட்டால் வீடு சூடாகும்தானே உம்மா?" என்று சின்னவன் நடுங்கிக்கொண்டே கேட்டான். கேட்டதில் பிழையில்லை. எனக்கும் அதே யோசனைதான், வெளியே சொல்லவில்லை. தங்கை அடுப்பை உடனே அணைத்தாள். அடைத்த சிறு அறையில் அடுப்பு எரிந்தால் காற்றிலுள்ள ஒட்சிசன் குறையும். நெருப்பு சரியாக எரியாமல் காபன் மொனொக்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை லேசாக வலிக்கும், நித்திரை வரும். நித்திரையிலிருந்து எழும்பாமலே போனவர்கள் உண்டு. அந்த வாயுவுக்கென்று படுக்கைப் பக்கம் தனியாக இன்னொரு கருவி இருக்கிறது. இரண்டு கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. கேஸ் கருவிக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடம். பின்புறத்தில் திகதி அச்சிட்டிருக்கும். திகதி கடந்த கருவி சுவரில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

கீச்சொலி பொறுக்காமல் மச்சான் கருவியின் இணைப்பைப் பிடுங்கப் போனார். நித்திரை கெட்ட யாரும் அதைத்தான் செய்வார்கள். தங்கை விடவில்லை. "சத்தம் வேண்டாம் என்றால் முதலில் கேஸை மூடுங்க, பிறகு பார்ப்போம்." வெளியே போய் இரண்டு சிலிண்டர்களையும் அடைத்தார்கள். 2021ஆம் ஆண்டின் கடைசியில் நம் நாட்டில் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளைக் கேட்டுச் சிலிண்டரை முற்றத்தில் வைத்தும் நித்திரை வராமல் கிடந்த சகோதரிகளுக்கு அவளுடைய மனநிலை விளங்கும். நம் வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேன் கூடுதலாக இருக்கும். பாகை பூச்சியத்தில் அது வாயுவாக மாறாமல் திரவமாகவே நின்றுவிடும் என்பதால் குளிர் நாடுகளின் சில்லு வீடுகளில் புரோப்பேன் பாவிக்கிறார்கள். அன்றிரவு பிள்ளைகளை நடுவில் போட்டு, உள்ள கம்பளங்களையெல்லாம் மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். கருவி சுபஹு வரைக்கும் கீச்சிட்டது.

வெளிச்சம் வந்ததும் பற்றரி மூடிகளைத் திறந்து பார்த்தோம். உள்ளே தண்ணீர் வற்றி ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தன. கோடை முழுவதும் பீனிக்ஸ் வெயிலில் மின்னூட்டத்திலேயே நின்ற வீடு அது. தண்ணீர் ஊற்ற யாருக்கும் ஞாபகமில்லை. தாளில் அந்த வரி இல்லை! ஊருக்குள் போய்க் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து தகடுகள் மூழ்க ஊற்றி, ஜெனரேட்டரை வீட்டிலிருந்து தூரத்தில், புகைக்குழாய் யன்னல்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து நாள் முழுதும் ஏற்றினார்கள். பற்றரி ஒருவாறு பிழைத்தது, பழைய பலம் வரவில்லை. மீதி மூன்று இரவுகளும் ஹீட்டரைக் குறைத்து, படுக்குமுன் வோல்ட்டை அளந்து சமாளித்தோம்.

பகலில் அண்டைக் கூடாரத்து முதியவர் ஒருவர் வந்து லிதியம் பற்றரி வாங்கச் சொன்னார். ஈய அமிலப் பற்றரியில் பாதியளவைத்தான் பயமில்லாமல் எடுக்கலாம். லிதியத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். நிறை பாதிதான், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. குறைகள் என்ன? விலை. பழைய மின்னூட்டியை அதற்கு ஏற்றதாக மாற்றவும் வேண்டிவரும். பூச்சியப் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் பழுதாகிவிடும். வருடத்தில் இரண்டு தடவை, அதுவும் மின்சாரம் உள்ள இடத்தில் தங்குபவர்களுக்கு ஈய அமிலமே போதும் என்று நான் சொன்னேன். "ஞாபகம் வைக்கிறவர்களுக்குப் போதும்" என்றாள் தங்கை, கணவனைப் பார்த்து. அந்த வருடமே லிதியம் வாங்கிவிட்டார்கள்.

வடித்த தண்ணீர் வாங்கப் போன அன்று ஊர் மையவாடிக்கும் போனோம். அங்கே கல்லால் கட்டிய ஒரு சிறு கூம்பு, அதன் உச்சியில் உலோக ஒட்டகம். பெயரைப் பாருங்கள்: ஹை ஜொலி. ஹாஜி அலி என்ற பெயர் அமெரிக்க நாவில் பட்ட பாடு அது! உஸ்மானிய ஆட்சிப் பகுதியிலிருந்து வந்தவர். பாலைவனத்தில் சாமான் சுமக்க ஒட்டகம் உதவுமா என்று பார்க்க 1855இல் அமெரிக்கக் காங்கிரஸ் 30,000 டொலர் ஒதுக்கியது. 1856இல் டெக்சாஸ் கரையில் ஒட்டகங்கள் இறங்கின. அவற்றை நடத்த வந்தவர்களில் இவர் ஒருவர். 1857இல் கொலராடோ ஆறு வரை பாதை கண்ட பயணத்தில் ஒட்டகங்கள் சுமை தூக்கின. பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது, திட்டம் மறக்கப்பட்டது. இவர் ஊர் திரும்பவில்லை. 1902இல் இந்த மண்ணிலேயே மௌத்தானார். 1935இல் அரிசோனாவின் நெடுஞ்சாலைத் துறை இந்த நினைவுச் சின்னத்தைக் கட்டியது. எந்த ஒட்டகத்தில் எவ்வளவு ஏற்றலாம், கயிற்றை எங்கே இறுக்கலாம் என்று கைப்பழக்கத்தில் அறிந்த மனிதர். சுற்றிலும் ஆயிரக்கணக்கான சில்லு வீடுகள் நிற்க, நடுவில் அவர் தனியே கிடக்கிறார். துஆக் கேட்டுவிட்டு வந்தோம்.

தண்ணீர்க் கணக்கைச் சொல்லாமல் விட்டால் சகோதரிகள் கோபிப்பீர்கள். இந்த வீட்டில் மூன்று தாங்கிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலசலகூடத்துக்கு ஒன்று. நல்ல தண்ணீர் 190 லீற்றர். பாரமும் 190 கிலோ. ஐந்து பேருக்கு ஐந்து நாள். கழுவிய தண்ணீர்த் தாங்கி அதற்கு முன்பே நிறைந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. வுழூவுக்குக் குழாயைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. ஆளுக்கொரு சிறு கேத்தல், அரை லீற்றருக்குச் சற்று அதிகம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று எத்தனையோ வருடம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அளந்து ஊற்றிச் செய்து பார்த்தது அங்கேதான். தாராளமாகப் போதும்.

மலசலத் தாங்கியில் மாத்திரம் தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கக்கூடாது. கடதாசி அதிகம், தண்ணீர் குறைவு என்றால் உள்ளே குவிந்து கல்லாகிவிடும். நம்மவர்கள் தண்ணீரால் கழுவும் பழக்கம் இங்கே பெரிய உதவி. தங்கை வீட்டுத் தாங்கி ஒரு நாளும் அடைத்ததில்லையாம். அதன் வாயைத் திறந்து வைக்கவும் கூடாது. மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பின்பு ஒரேயடியாகத் திறக்கவேண்டும். முதலில் மலசலத் தாங்கி, பிறகு கழுவிய தண்ணீர். பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். காலியாக இருக்கும்போதே "நிறைந்துவிட்டது" என்று காட்டும் மானியைக் கண்டு பயப்படவேண்டாம். பெரும்பாலும் உள்முனையில் கடதாசி ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டினால் சரியாகும். குடிநீர் பிடிக்கும் வெள்ளைக் குழாயும் தாங்கி கழுவும் குழாயும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது. இதைத் தங்கை மூன்று தடவை சொன்னாள். நானும் உங்களுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

மின்சாரம் தரும் தங்குமிடங்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 30 அம்பியர் இணைப்பில் கிடைப்பது 3,600 வாற்று. குளிரூட்டி ஓடும்போதே மைக்ரோவேவையும் கேத்தலையும் போட்டால் விழுந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிக்கும் மத்தியானத்தில் வோல்ட் தாழ்ந்து குளிரூட்டியை எரித்துவிடுவதும் உண்டு. கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் காவற்கருவிக்குக் காசு செலவழிக்கலாம். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் சிறு பித்தளைத் துண்டு ஒன்றும் வேண்டும்.

ஆறாம் நாள் காலை புறப்பட ஆயத்தமானோம். தங்கை கொப்பித் தாளை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே பேனையால் "பற்றரித் தண்ணீர், மாதம் ஒரு தடவை" என்று எழுதினாள். லிதியம் வரும் வரைக்கும் என்றாள். பிள்ளைகள் படியில் உட்கார்ந்தார்கள். மச்சான் பிக்கப்பைப் பின்னால் எடுத்தார். இரும்பில் இரும்பு இறங்கும் சத்தம் கேட்டது.

"நானா, இன்றைக்கு நீங்க பாருங்க. நடுவில் வெளிச்சம் தெரியுதா?"

டோர்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தேன். இடமிருந்தும் பார்த்தேன், வலமிருந்தும் பார்த்தேன்.

"தெரியவில்லை" என்றேன். அவள் அடுத்த வரியை வாசித்தாள்.